திரையில் வேதாகமம்: எழுதியிருப்பதும் கூட்டியிருப்பதும்

வேதபாடம்
வாசிக்க: ஆதியாகமம் 6 – 9, யாத்திராகமம் 14, லூக்கா 8:40–56



மிஷன் ஆஸ்பத்திரிகளில் மாலை வேளையில் நோயாளிகளுக்கும் அவர்களோடு துணைக்கு வந்தவர்களுக்கும் வேதாகமப் படம் காட்டும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஒரு காலத்தில் 16 எம்.எம். புரொஜெக்டரும், இரண்டு கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியும் போதுமானதாயிருந்தன. பிறகு டி.வி.யும் வீடியோ கேசட்டும் வந்தன. இன்றோ கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர் கையிலேயே செல்போன் இருக்கிறது. அதில் நூறு படங்கள் இருக்கின்றன.

இதைக் குறித்து நம் சபைகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "பழைய படங்களைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். புதிதாக, விறுவிறுப்பாக வந்திருப்பவற்றைக் காட்டலாமே" என்கிறார்கள் வாலிபர்கள். "வேதத்தில் இல்லாத ஒரு வார்த்தை இருந்தாலும் அந்தப் படம் நமக்கு வேண்டாம்" என்கிறார்கள் பெரியவர்கள். இரண்டு பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பாரும் மறந்துவிடக் கூடாத ஒருவர் இருக்கிறார். அவர் எழுத்து வாசிக்கத் தெரியாதவர். வேதாகமத்தைக் கையில் எடுத்ததே இல்லை. திரையில் அவர் காண்பதுதான் அவருக்கு வேதாகமம். படத்தில் வந்தது வசனமா, கதாசிரியரின் கற்பனையா என்று பிரித்தறிய அவருக்கு வழியில்லை. ஆகவே இந்த இதழில் இந்தப் பொருளையே வேதபாடமாக எடுத்துக்கொண்டு, உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

1. சினிமாவும் வேதாகமமும் பழைய சிநேகிதர்கள்

சினிமா பிறந்த சில வருடங்களிலேயே இயேசுவின் சரித்திரம் திரைக்கு வந்துவிட்டது. பிரான்ஸ் தேசத்தின் பாத்தே கம்பெனி 1903-ல் வெளியிட்ட படம் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடியது. அந்நாளில் அது மிக நீளமான படம். பிலிமில் வர்ணம் தீட்டி, காட்சிக்குக் காட்சி, சர்ச் சுவர்களில் தொங்கும் சித்திரங்களைப் போலவே அமைத்திருந்தார்கள்.

நம் நாட்டோடும் இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அந்தச் சுருள்களில் இயேசுவின் வாழ்க்கைப் படமும் ஒன்று. பின்னாளில் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டியவர் இவரே. பம்பாயில் தாதாசாகேப் பால்கே 1910–11 வாக்கில் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படம் ஒன்றைப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் கிருஷ்ணனையும் ராமனையும் திரையில் காண வேண்டும் என்ற ஆசை தமக்குள் எழுந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1913-ல் அவர் எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'விலிருந்துதான் இந்திய சினிமாவின் சரித்திரம் தொடங்குகிறது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரே படத்தைப் பார்க்கிற இருவர் ஒரே காரியத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. படத்தின் வல்லமை பெரிது. அது எங்கே போய் நிற்கும் என்பதை எடுத்தவரும் அறியார், காட்டியவரும் அறியார். ஆகவே காட்டுகிற நமக்குக் கவனம் வேண்டும்.

2. "இன்றைய ரசனை" என்பது எது?

இன்றைய ரசனைக்காக வேதத்தை மாற்றுகிறார்கள் என்று நாம் குறை சொல்லும்போது, இது இப்போது தோன்றிய வியாதி என்று நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல.

1927-ல் அமெரிக்காவில் செசில் பி. டிமில் 'ராஜாதி ராஜா' என்று பொருள்படும் பெயரில் இயேசுவின் படத்தை எடுத்தார். படம் பெத்லெகேமில் தொடங்கவில்லை. மகதலேனா மரியாளின் ஆடம்பர மாளிகையில் தொடங்குகிறது! யூதாஸ் அவளுடைய காதலன். அவன் ஒரு தச்சனோடு சுற்றித் திரிகிறான் என்று கேள்விப்பட்டு, வரிக்குதிரைகள் பூட்டிய இரதத்தில் ஏறி அவனைத் தேடிப் புறப்படுகிறாள். நான்கு சுவிசேஷங்களையும் புரட்டிப் பாருங்கள். இதில் ஒரு வரி கிடையாது. அந்நாளின் ரசிகர்கள் காதலும் ஆடம்பரமும் கேட்டார்கள், கொடுத்தார். ஆனாலும் அதே படத்தில் எச்.பி. வார்னர் என்ற நடிகர் இயேசுவாக மிகுந்த பயபக்தியோடு நடித்தார். மிஷனெரிகள் அதைப் பல தேசங்களில் பல ஆண்டுகள் காட்டினார்கள்.

அதே டிமில் 1956-ல் 'பத்துக் கட்டளைகள்' எடுத்தார். ஓடும் நேரம் மூன்றரை மணிக்கும் மேல். சார்ல்டன் ஹெஸ்டன் மோசேயாக நடித்தார். யாத்திராகமம் 2-ம் அதிகாரத்தில் 10-ம் வசனத்தில் மோசே குழந்தை. 11-ம் வசனத்தில் வளர்ந்த மனிதர். இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில், எகிப்தின் இளவரசி ஒருத்தியோடு காதல், ராமசேசோடு போட்டி, அரண்மனைச் சூழ்ச்சி என்று ஒரு பெரிய கதையையே கட்டிவிட்டார்கள். படம் தொடங்குமுன் டிமில் தாமே திரைக்கு முன் வந்து நின்று, மனிதர் தேவனுடைய பிரமாணத்தின் கீழ் வாழவேண்டுமா, ஒரு சர்வாதிகாரியின் கீழா என்பதே இப்படத்தின் கேள்வி என்று சொல்கிறார். அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தின் கவலை மோசேயின் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் நாட்டிலும் அப்படியே. 1978-ல் வெளிவந்த தெலுங்குப் படமான 'கருணாமயுடு' பாட்டும் கண்ணீருமாக நம் ஜனங்கள் பழகிய முறையிலேயே எடுக்கப்பட்டது. அதன் இயக்குநர் வேறு யாருமல்ல, 'பாசமலர்' எடுத்த ஏ. பீம்சிங்தான். இயேசுவாக விஜயசந்தர் நடித்தார். ஹிந்தியில் 'தயாசாகர்' என்ற பெயரிலும் மற்ற இந்திய மொழிகளிலும் டப்பிங் செய்யப்பட்டு, ஊழியர்களால் கிராமம் கிராமமாகக் காட்டப்பட்டது. இயேசுவை ஒரு வெள்ளைக்காரராக மட்டுமே படத்தில் கண்டிருந்த ஜனங்கள், தங்களில் ஒருவராக அவரைப் பார்த்தார்கள்.

ஆகவே ரசனை என்பது ஒன்றல்ல. 1927-ன் ரசனை இன்று நமக்குச் சிரிப்பூட்டுகிறது. இன்றைய ரசனை நம் பேரப்பிள்ளைகளுக்குச் சிரிப்பூட்டும். வரிக்குதிரைகள் போய்விட்டன, லூக்கா எழுதியது அப்படியே இருக்கிறது. இதை மனதில் வைத்தால், புதியது என்பதற்காக ஒன்றைத் தள்ளவும் மாட்டோம், புதியது என்பதற்காக ஒன்றைத் தூக்கிவைக்கவும் மாட்டோம்.

3. வேதத்தின் மௌனம்

சினிமாக்காரர்கள் ஏன் கூட்டுகிறார்கள்? வேதம் மிகச் சுருக்கமாகப் பேசுகிறது என்பதே முதல் காரணம். ஆபிரகாம் ஈசாக்கை அழைத்துக்கொண்டு மூன்று நாள் நடந்தார். அந்த மூன்று நாளும் அவர் மனதில் என்ன ஓடியது? ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. இப்படிப்பட்ட இடத்தை சினிமா வெறுமையாக விடமுடியாது. நடிகரின் முகத்தைக் காட்டித்தான் ஆகவேண்டும். முகம் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்யும்.

ஆனால் வேதத்தின் மௌனம் எழுதியவர் மறந்துவிட்ட இடமல்ல. நோவாவின் சரித்திரத்தைக் கவனியுங்கள். ஆதியாகமம் 6, 7, 8 ஆகிய மூன்று அதிகாரங்களிலும் நோவா பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை! தேவன் பேசுகிறார், நோவா செய்கிறார். பேழையின் நீளம், அகலம், உயரம் எல்லாம் தேவன் சொல்கிறார். நோவா சொன்னபடியே செய்தார் என்று மட்டும் 6:22-லும் மறுபடி 7:5-லும் எழுதியிருக்கிறது. அவர் வாய் திறந்து பேசுவதை நாம் முதன்முதல் வாசிப்பது 9-ம் அதிகாரம் 25-ம் வசனத்தில், ஜலப்பிரளயம் எல்லாம் முடிந்தபின், திராட்சத்தோட்டச் சம்பவத்துக்குப் பிறகு. பேச்சில்லாத கீழ்ப்படிதலே அந்தச் சரித்திரத்தின் உயிர்.

2014-ல் டேரன் அரோனோஃப்ஸ்கி என்ற இயக்குநர் 'நோவா' என்ற படத்தைப் பெரும் பொருட்செலவில் எடுத்தார். ரஸ்ஸல் குரோ நோவாவாக நடித்தார். அதில் கல்லால் ஆன இராட்சத உருவங்கள் பேழை கட்ட உதவி செய்கின்றன. வேதத்தில் நோவாவின் மூன்று குமாரருக்கும் மனைவிகள் உண்டு; படத்தில் ஒரு குமாரனுக்கு மட்டுமே மனைவி. மனிதகுலமே அழிந்துபோகவேண்டும் என்பதே தேவசித்தம் என்று நோவா எண்ணிக்கொண்டு, பேழைக்குள் பிறந்த தன் சொந்தப் பேத்திகளைக் கொல்லக் கத்தியை எடுக்கிறார்.

யூத மரபில் வேதச் சம்பவங்களின் இடைவெளிகளைக் கதைகளால் நிரப்பி விளக்கும் பழக்கம் பண்டைக்காலம் முதலே உண்டு. இயக்குநர் யூதக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்த வழியிலேயே தாம் போனதாகக் கருதினார். அதை நாம் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கல் இராட்சதர்களைவிடப் பெரிய மாற்றம் ஒன்று அதில் இருக்கிறது. பலர் அதைக் கவனிக்கவில்லை. ஆதியாகமத்தில் தேவன் பேசுகிறார், நோவா மௌனமாயிருக்கிறார். படத்திலோ நோவா பேசிக்கொண்டேயிருக்கிறார், தேவன் மௌனமாயிருக்கிறார். கனவுகள் வருகின்றன, குரல் வருவதில்லை. என்ன செய்வது என்று முடிவெடுக்கவேண்டிய பாரம் முழுவதும் ஒரு மனிதன் தலைமேல் விழுகிறது. கதாநாயகனின் மனப் போராட்டத்தையே பார்க்கப் பழகிவிட்ட இன்றைய ரசனைக்கு அது பொருந்துகிறது. ஆனால் கதையின் நடுவில் நின்றவரை அது ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

இன்னொரு உதாரணம் சிறியது, ஆனால் நமக்கு மிகவும் நெருக்கமானது. 1956 படத்தில் சமுத்திரம் பிளக்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது. பெரிய தொட்டிகளில் தண்ணீரைக் கொட்டிப் படம் பிடித்து, பிலிமைப் பின்னோக்கி ஓட்டி அந்தக் காட்சியை உண்டாக்கினார்கள். விசேஷ தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கர் பரிசும் அதற்குக் கிடைத்தது. திரையில் கண்மூடித் திறப்பதற்குள் சமுத்திரம் பிளந்துவிடுகிறது. யாத்திராகமம் 14:21-ஐ வாசியுங்கள். பலத்த கீழ்க்காற்று இராமுழுவதும் வீசியது என்று இருக்கிறது. முன்னால் தண்ணீர், பின்னால் பார்வோனின் சேனை, நடுவே ஒரு முழு இரவு! அந்த இரவில் எத்தனை தாய்மார் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்திருப்பார்கள்? வார்டில் இரவு வேலை பார்க்கிறவர்களுக்கும், பிள்ளையின் காய்ச்சல் இறங்காதா என்று விடியும்வரை உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் அந்த வசனம் எவ்வளவு ஆறுதல்! தேவன் இரவு முழுவதும் கிரியை செய்தார். ஒரு நொடி அற்புதத்தை விரும்பும் ரசனை அந்த ஆறுதலை எடுத்துப்போட்டுவிட்டது.

4. வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் போதுமா?

அப்படியானால் ஒன்றும் கூட்டாமல், வேதவசனத்தை மட்டும் வைத்துப் படம் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

1964-ல் இத்தாலியில் பசோலினி என்ற இயக்குநர் மத்தேயுவின் சுவிசேஷத்தைப் படமாக்கினார். இவர் விசுவாசியல்ல, பொதுவுடைமைக் கொள்கைக்காரர். இரண்டு வருடங்களுக்கு முன் அசிசி பட்டணத்தில் தங்கியிருந்தபோது சுவிசேஷத்தை எடுத்து வாசித்தவர், அதன் வேகத்தில் அகப்பட்டுக்கொண்டார். தொழில்முறை நடிகர்களை விட்டுவிட்டு, தென் இத்தாலியின் ஏழைக் கிராமவாசிகளையும் தம் சிநேகிதர்களையும் நடிக்க வைத்தார். இயேசுவாக நடித்தவர் ஸ்பெயின் தேசத்து மாணவர். வயதான மரியாளாக நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தாயார். பேச்சு பெரும்பாலும் மத்தேயுவின் வார்த்தைகளே.

1993-ல் மத்தேயுவின் சுவிசேஷம் முழுவதையும் ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பின்படி வார்த்தைக்கு வார்த்தை படமாக்கினார்கள். அதில் இயேசுவாக நடித்தவர் புரூஸ் மார்ச்சியானோ.

சுவிசேஷம் ஒன்றுதான். ஆனால் பசோலினியின் இயேசு முகம் இறுகியவராய், அவசரமாய் நடந்துகொண்டே, திரும்பிப் பார்த்துப் பேசுகிறார். மார்ச்சியானோவின் இயேசுவோ சிரிக்கிறார், பிள்ளைகளோடு விளையாடுகிறார், சொஸ்தமானவனைக் கட்டித் தழுவுகிறார். வசனத்தில் ஒன்றும் கூட்டவில்லை. ஆனாலும் இரண்டு விதமான இயேசுவை ஜனங்கள் கண்டார்கள். ஏனென்றால் எழுத்துக்கு முகம் இல்லை. திரைக்கு முகம் இல்லாமல் முடியாது. ஒரு முகத்தையும் குரலையும் கொடுத்த உடனேயே ஒரு வியாக்கியானம் வந்துவிடுகிறது. 2003-ல் யோவான் சுவிசேஷமும் இப்படியே முழுவதுமாகப் படமாக்கப்பட்டது. மூன்று மணி நேரம். கடைசி இராப்போஜனத்தின் நீண்ட பிரசங்கங்களை ஒரு வார்த்தையும் விடாமல் கேட்கப் பொறுமையுள்ளவர்கள் அதைப் பெரும் பொக்கிஷமாகக் கருதுகிறார்கள். எல்லாருக்கும் அந்தப் பொறுமை இல்லை என்பதும் உண்மையே.

கூட்டாமலிருந்தும் குறைத்துவிடலாம். 1912-ல் எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் போய் எடுத்த ஒரு நல்ல படத்தின் தலைப்பே, முன்னணையிலிருந்து சிலுவை வரைக்கும் என்பது. தலைப்பு சொல்லும் இடத்தில் கதை நின்றுவிட்டால், உயிர்த்தெழுதலின் காலை என்னாவது?

5. ஒரு வைத்தியர் எழுதிய சரித்திரம்

நம் ஊர்களில் எல்லாரும் அறிந்த 'இயேசு' படம் 1979-ல் வெளிவந்தது. ஜான் ஹேமன் என்ற தயாரிப்பாளர் வேதாகமம் முழுவதையும் படமாக்கும் ஆசையோடிருந்தார். பில் பிரைட் என்ற ஊழியர் அவரோடு சேர்ந்துகொண்டார். நான்கு சுவிசேஷங்களையும் கலக்காமல், லூக்கா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இஸ்ரவேல் தேசத்திலேயே படம் பிடித்தார்கள். ஓடும் நேரம் சுமார் இரண்டு மணி. இயேசுவாக நடித்த பிரையன் டீக்கன் ஆங்கிலேயர். தமிழ் உட்பட 2,000-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது பேசியிருக்கிறது. உலகத்தில் வேறெந்தப் படமும் இத்தனை மொழிகளில் மாற்றப்படவில்லை. இன்றைய கண்ணுக்கு அது மெதுவாகப் போகிறது, பின்னணி எளிமையாயிருக்கிறது. இருந்தாலும் தன் தாய்மொழியில் இயேசு பேசுவதை முதன்முதல் கேட்கிற ஒருவருக்கு அந்த மெதுவே உதவியாயிருக்கிறது.

லூக்கா வைத்தியர் என்று கொலோசெயர் 4:14-ல் காண்கிறோம். அவர் எழுதிய 8-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வைத்து, ஒரு படத்தை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம்.

யவீருவின் ஒரே மகளுக்குப் பன்னிரண்டு வயது, மரணத்தறுவாயில் இருக்கிறாள். தகப்பன் இயேசுவின் பாதத்தில் விழுந்து வருந்திக் கேட்கிறான். அவர் புறப்படுகிறார். வழியில் பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ பின்னாக வந்து அவருடைய வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடுகிறாள். வைத்தியர்களால் அவள் நிலைமை இன்னும் மோசமாயிற்று என்று மாற்கு எழுதுகிறார். வைத்தியரான லூக்கா அதைச் சொல்லாமல், ஒருவராலும் குணமாக்கக் கூடாதிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்! இயேசு நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்கிறார். அவள் நடுங்கி வந்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறார். அந்த நேரத்தில் யவீரு என்ன செய்துகொண்டிருந்தான்? எழுதப்படவில்லை. அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்து, மகள் இறந்துவிட்டாள் என்கிறான்.

ஒருவள் வியாதியோடிருந்த பன்னிரண்டு வருஷமும், மற்றவள் உயிரோடிருந்த பன்னிரண்டு வருஷமும் ஒன்றே. இரண்டு சம்பவங்களையும் லூக்கா பிரிக்காமல் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருப்பதில் அர்த்தம் உண்டு. அவசர சிகிச்சைப் பிரிவில், தங்கள் பிள்ளையைத் தாண்டி இன்னொரு கட்டிலுக்கு டாக்டர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற எவருக்கும் யவீருவின் காத்திருப்பு விளங்கும். ஒருத்திக்கு நேரம் கொடுத்ததால் மற்றவளை ஆண்டவர் கைவிட்டுவிடவில்லை. இதுவே இந்தப் பகுதியின் நற்செய்தி.

ஒரு படம் அந்த ஸ்திரீக்கு ஒரு பெயர் கொடுக்கலாம். பிற்காலப் பாரம்பரியம் அவளை வெரோனிக்கா என்று அழைத்தது. அவளுக்கு ஒரு வீடு, ஒரு தொழில், ஒரு சிநேகிதி என்று கூட்டலாம். அதனால் நற்செய்தி கெட்டுப்போவதில்லை. ஆனால் விறுவிறுப்புக்காக அந்தக் காத்திருப்பை வெட்டிவிட்டு, இரண்டையும் தனித்தனி அற்புதங்களாகக் காட்டினால், ஒரு வார்த்தையும் மாறாவிட்டாலும் லூக்கா சொன்னது போய்விடும்.

6. மூன்று கேள்விகள்

எந்தப் படத்தையும் இந்த மூன்று கேள்விகளால் நிறுத்துப் பாருங்கள்.

முதலாவது: கதையின் நடுவில் யார் இருக்கிறார்? வேதத்தில் தேவன் செய்கிற காரியத்தைப் படத்தில் யார் செய்கிறார்? நோவா படத்தில் தவறியது இங்கேதான்.

இரண்டாவது: கூட்டியது மௌனத்தை நிரப்புகிறதா, எழுதியிருப்பதை மாற்றுகிறதா? 2019-ல் முதல் பருவம் வெளியான 'தி சோசன்' என்ற தொடரில் கூட்டியது ஏராளம். பேதுரு வரிக் கடனில் சிக்கித் தவிக்கிறார். மத்தேயு ஆட்டிசம் உள்ளவரைப் போன்ற குணத்தோடு வருகிறார். இவை வேதத்தில் இல்லை. ஆனால் பேதுரு மீன்பிடிக்கிறவர் என்பதையும், மத்தேயு ஆயக்காரர் என்பதையும், இருவரையும் ஆண்டவர் அழைத்தார் என்பதையும் அவை மாற்றவில்லை. தனிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் சிறு சிறு தொகையாக முதலீடு செய்து, ஒரு கோடி டாலருக்கும் மேல் சேர்ந்து, அதன் முதல் பருவம் உருவாயிற்று என்பது உங்களைப் போன்ற பங்காளர்களுக்கு ஆர்வமாயிருக்கும்.

மூன்றாவது: படம் நம்மை வேதத்துக்கு அனுப்புகிறதா? 'தி சோசன்' தன் முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே, கற்பனை சேர்த்திருக்கிறோம், சுவிசேஷங்களை நீங்களே வாசியுங்கள் என்று அறிவித்துவிடுகிறது. 1998-ல் வந்த 'எகிப்தின் இளவரசன்' என்ற கார்ட்டூன் படமும் அப்படியே அறிவித்தது. 2014-ல் 'நோவா' படத்தின் விளம்பரங்களிலும் அத்தகைய குறிப்பைச் சேர்த்தார்கள். இப்படிச் சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் அந்த எழுத்துக்களை வாசிக்கத் தெரியாதவருக்கு யார் சொல்வது? அங்கேதான் நம் வேலை தொடங்குகிறது.

7. பாடுகளைக் காட்டும் விஷயத்தில்

பெரிய வெள்ளிக்கிழமை நெருங்கும்போதெல்லாம், 2004-ல் மெல் கிப்சன் எடுத்த 'கிறிஸ்துவின் பாடுகள்' படத்தைக் குறித்த கேள்வி வருகிறது. அரமாயிக், எபிரெயம், லத்தீன் மொழிகளில் பேசும் அப்படம் சுமார் 3 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, 60 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. திரளான விசுவாசிகள் கண்ணீரோடு பார்த்தார்கள். ஆனால் அதில் சவுக்கடிக் காட்சி நிமிடக்கணக்கில் நீள்கிறது. சுவிசேஷங்களிலோ, பிலாத்து அவரை அடிப்பித்தான் என்பதை ஒரே வினைச்சொல்லில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதல் வாசகர்கள் அந்தத் தண்டனையைத் தெருவிலே கண்டவர்கள், அவர்களுக்கு விவரிக்கவேண்டியதில்லை. நாம் கண்டதில்லையே, ஆகவே காட்டத்தான் வேண்டும் என்பது படத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனாலும் அமெரிக்காவில் 17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்ற வகையில் அது சேர்க்கப்பட்டது. மறுவருடமே இயக்குநர் தாமே சில நிமிடக் காட்சிகளை வெட்டி மறுபடி வெளியிட்டார்.

வளர்ந்த விசுவாசி தன் வீட்டில் ஜெபத்தோடு பார்ப்பது வேறு. உடம்பெல்லாம் கட்டுப்போட்டுப் படுத்திருக்கிற நோயாளிக்கு முன்பாகவோ, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்பாகவோ அதைப் போடுவது வேறு. வலியில் கிடக்கிறவருக்கு வலியைக் காட்டவேண்டியதில்லை. அந்த வலியின் நடுவே ஆண்டவர் கள்ளனோடு பேசியதையும், தம்மை அறைந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டதையும் காட்டினால் போதும். லூக்கா அவற்றைத்தான் விவரமாக எழுதினார்.

8. நாம் செய்யக்கூடியது

பிரியமானவர்களே, படம் போட்டுவிட்டால் ஊழியம் முடிந்துவிடுவதில்லை. படம் பார்க்குமுன் அந்த வேதபகுதியைச் சத்தமாக வாசியுங்கள், முழுப் படத்தையும் ஒரே மூச்சில் ஓட்டாமல், பத்துப் பதினைந்து நிமிடம் காட்டி நிறுத்துங்கள், "இதில் எது எழுதியிருக்கிறது, எது கூட்டியிருக்கிறது?" என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விளையாட்டைப் போல உற்சாகத்தோடு செய்வார்கள். பேழைக்குள் எத்தனை பேர் போனார்கள் என்று தேடுகிற பிள்ளை, தேடும்போதே வேதத்தை வாசித்துவிடுகிறது.

வார்டிலும் அப்படியே. திரையைவிட, திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் முக்கியம். படம் முடிந்ததும், "அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே குணமாயிற்றா?" என்று ஒரு நோயாளி கேட்டால், பதில் சொல்ல ஆள் வேண்டும். கருவி வாங்குவதற்குக் காணிக்கை கொடுக்கிற நீங்கள், அதன் பக்கத்தில் உட்கார ஒரு மாலை நேரத்தையும் கொடுக்க முன்வாருங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

கலந்து சிந்திக்க

1. உங்கள் மனதில் பதிந்திருக்கும் வேதச் சம்பவங்களில், வேதத்திலிருந்து வந்தது எது, படத்திலிருந்து வந்தது எது? மோசே, நோவா, மகதலேனா மரியாள் ஆகியோரை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

2. லூக்கா 8:40–56-ஐ நீங்கள் படமாக்கினால், யவீருவின் முகத்தை எந்த இடத்தில் காட்டுவீர்கள்? ஏன்?

3. உங்கள் சபையின் வாலிபர்கள் விரும்பிப் பார்க்கும் வேதாகமப் படம் எது? மூன்று கேள்விகளால் அதை அவர்களோடு சேர்ந்து ஆராயுங்கள்.

வாசிக்கிறவர்களையும், வாசிக்கத் தெரியாமல் திரையை நோக்கிக் காத்திருக்கிறவர்களையும் ஆண்டவர் தம்முடைய வார்த்தையினால் சந்திப்பாராக.